சித்தப்பாவுக்குத் தொழுநோய். "ஒட்டாது" என்கிறார்கள், பிறகு எங்களுக்கு எதற்கு மாத்திரை?

பாலாறு_கதிர் | திங்கள், இரவு 9.42

வணக்கம். குடியாத்தம் பக்கம் எங்கள் வீடு. கூட்டுக் குடும்பம், குழந்தையோடு சேர்த்து எட்டுப் பேர். சித்தப்பாவுக்கு 47 வயது. இரண்டு மாடு வைத்துக்கொண்டு எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் பால் ஊற்றுகிறார்.

மூன்று மாதம் முன்பு ஒரு விடிகாலை, அடுப்பில் இருந்த பால் குண்டானைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தார். சித்திதான் "என்னங்க, கருகுற வாடை" என்று திரும்பிப் பார்த்தாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் கொப்பளித்துப் போயிருந்தன. மனுஷன் பாட்டுக்குச் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லையாம்.

முதுகில் தேமல் இரண்டு வருஷமாக இருந்தது. சூட்டுத் தேமல் என்று விட்டுவிட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி எண்ணினார்கள்: எட்டு. முழங்கையில் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார்கள். தொழுநோய், ஒரு வருஷ மாத்திரை. இப்போது மூன்றாவது அட்டை ஓடுகிறது.

என் குழப்பம் இதுதான். போன வாரம் சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "பயப்படாதீங்க, இது ஒட்டாது" என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, "வியாழக்கிழமை வர்றேன், வீட்ல எல்லாரும் இருங்க. உடம்பைப் பாத்துட்டு ஆளுக்கு ஒரு வேளை மாத்திரை தரணும்" என்கிறார். ஒட்டாது என்றால் எங்களுக்கு எதற்கு மாத்திரை?

அம்மா அன்றைக்கே சித்தப்பாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். என் பெண்ணுக்கு ஒன்றே முக்கால் வயது, எந்நேரமும் அவர் மடியில்தான் இருப்பாள். என் மனைவி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.

ஆற்காடு_மணி | திங்கள், இரவு 10.15

தம்பி, இது ரத்தம் கெட்டு வருவது. எங்கள் பெரியவர்கள் மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிடாதே என்பார்கள், அதெல்லாம் காரணமாகத்தான். எங்கள் மாமா ஒருவருக்கு வெண்குஷ்டம் இருந்தது, கடைசி வரை தனித்தட்டுதான், யாருக்கும் வரவில்லை. அம்மா செய்தது தப்பில்லை. அப்புறம், குடும்பத்தில் பெண் பிள்ளைகள் இருந்தால் வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது.

டாக்டரம்மா | திங்கள், இரவு 11.30

மணி சார், உங்கள் மாமாவுக்கு இருந்தது தொழுநோயே இல்லை. வெண்புள்ளி என்பது தோலின் நிறம் போவது, அவ்வளவுதான். அதில் கிருமியும் கிடையாது, உணர்ச்சியும் போகாது. 'குஷ்டம்' என்ற வாலை அதில் ஒட்டவைத்தவர்கள் எத்தனை கல்யாணத்தை நிறுத்தினார்களோ.

கதிர் தம்பி, உங்கள் தலைப்புக்கு வருகிறேன். தொழுநோய் தொற்றுநோய்தான். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை ஆகும் ஒரு கிருமியால் வருகிறது. 1873ல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். அதுவரை அந்த ஊரிலும் பரம்பரை வியாதி என்று சொன்னவர்கள் நிறைய.

ஆனால் இவ்வளவு சோம்பேறிக் கிருமியைப் பார்க்க முடியாது. வயிற்றில் இருக்கும் சாதாரண பாக்டீரியா வசதி கிடைத்தால் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அதனால்தான் உடம்புக்குள் போய் அடையாளம் காட்டச் சராசரியாக ஐந்து வருஷம் ஆகிறது, சிலருக்கு இருபது வருஷம்கூட. ஆய்வகத் தட்டில் இன்று வரை யாராலும் இதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும், அர்மடில்லோ என்று அமெரிக்காவில் ஓடு போர்த்திய ஒரு பிராணி இருக்கிறது, அதன் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். 2001ல் இதன் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது பாதிக்குப் பாதி வேலை செய்யாத குப்பையாகக் கிடந்தது தெரிந்தது. அந்த ஆராய்ச்சிக்கு எடுத்த கிருமிக்கு 'டிஎன்' என்று பெயர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து போனது. நம் ஊர்க்காரனைத்தான் உலகமே படித்தது!

பரவுவது பெரும்பாலும் மருந்து எடுக்காதவரின் மூக்கு, வாய்த் துளிகளால். அதுவும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நெருங்கி இருப்பவர்களுக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு இதைத் தானே அடக்கிவிடும். தட்டு, டம்ளர், துணி, கை கொடுப்பது, ஒரே பெஞ்சில் உட்காருவது, எதனாலும் வராது. பால் வழியாகவும் வராது, அந்தக் கவலையை விடுங்கள்.

மாதாமாதம் முதல் நாள் அவர்கள் கண் முன்னால் விழுங்கச் சொல்கிறார்களே, அதில் ரிபாம்பிசின் இருக்கிறது. அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கும். அந்த ஒரே வேளையில் உயிரோடு இருக்கும் கிருமியில் மிகப் பெரும்பகுதி செத்துவிடும். ஆக, சித்தப்பாவிடமிருந்து இனி யாருக்கும் வரப்போவதில்லை. உங்களுக்கு மாத்திரை இனிமேல் வருவதைத் தடுக்க இல்லை. மருந்து ஆரம்பிக்கும் முன் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தீர்களே, அப்போது உள்ளே போயிருந்தால் அதை அடக்கத்தான்.

தெருமுனை | செவ்வாய், காலை 7.05

டாக்டரம்மா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் "தொற்றுநோய்தான்" என்று ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அடுத்த வரியை எங்கள் தெருவில் யாரும் படிக்க மாட்டார்கள். பத்து வருஷமாகத் தன்னார்வலராகக் குடியிருப்புகளில் வேலை செய்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக வீட்டைக் காலி செய்ய வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் முன்னாலும் பின்னாலும் ஆள் விட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கதிரின் சித்தப்பா பால்காரர். நாளைக்கு யாராவது ஒருத்தி "ஒட்டுவாரொட்டியாமே" என்று சொன்னால் போதும், மாட்டை விற்க வேண்டியதுதான். அந்த ஆய்வாளர் சொன்னது முழு உண்மையாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் உபகாரமான வார்த்தை. அதைக் கெடுக்காதீர்கள்.

பாலாறு_கதிர் | செவ்வாய், காலை 7.40

அக்கா, பயப்பட்டது ஏற்கெனவே நடந்துவிட்டது. 22 வீட்டுக்கு ஊற்றினார். இப்போது 13. யாரும் காரணம் சொல்லவில்லை. "ஊருக்குப் போறோம்", "பாக்கெட் பாலுக்கு மாறிட்டோம்". ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் ஊருக்குப் போகிறார்கள்.

சைக்கிள்காரர் | செவ்வாய், காலை 11.20

நான் ஓய்வு பெற்ற தொழுநோய்ப் பணியாளர். 1979ல் சேர்ந்தேன். குடியாத்தம் தாலுகாவில் நான் சைக்கிள் போகாத ஊர் குறைவு. தெருமுனை அம்மா சொல்லும் "ஒட்டாது" என்ற வார்த்தையை நானும் பல வருஷம் சொன்னவன். எப்போது நிறுத்தினேன் என்று சொல்கிறேன்.

ஒரு நெசவாளர் வீடு. தறிக் குழியில் உட்கார்ந்திருந்தவருக்குக் காது மடல் தடித்து, புருவம் உதிர்ந்திருந்தது. மருந்து ஆரம்பித்தோம். அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டு "ஒட்டுமா சார்?" என்று கேட்டாள். "ஒட்டாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சோதனை. பையன்களைச் சட்டை கழற்றி வெயில் சாய்வாக விழும் பக்கம் நிற்க வைத்து முதுகைப் பார்ப்போம், அப்போதுதான் வெளிர்த் தேமல் தெரியும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடுவோம், தொட்ட இடத்தை அவன் விரலால் காட்ட வேண்டும். அந்த வீட்டுப் பையன், ஏழு வயது, தோள்பட்டையில் நான்கு தடவை தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தொடுதலுக்குச் சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சத்தம் போடவில்லை. "நீதானே சார் ஒட்டாதுன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் நான் சொல்லும் முறையே மாறிப்போனது. "ஒட்டும்மா. ஆனா மாத்திரை போட்ட ஆளுகிட்ட இருந்து ஒட்டாது. போடாத ஆளு யாருன்னுதான் தெரியல. அதுக்குத்தான் எல்லாரையும் பாக்கணும்." இதைச் சொன்னால் ஜனங்களுக்குப் புரிகிறது, நம்புங்கள். பயம் எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். பெயர் தெரிந்து, அட்டை வாங்கி, மாத்திரை முழுங்குகிறவர்தான் தெருவிலேயே பயமில்லாத ஆள். "ஒட்டாது" என்று சொல்லிவிட்டால் கதிர் கேட்ட மாதிரி, சோதனைக்கு எதற்கு நிற்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவார்கள்.

வார்த்தையைவிட டம்ளர் வேலை செய்யும் என்பது என் அனுபவம். நோயாளி வீட்டில் தண்ணீர் வாங்கி, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடிப்பேன். திண்ணையில் உட்கார்ந்து, தெருவே பார்க்கிற மாதிரி. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள்.

கதிர் தம்பி, வியாழக்கிழமை ஆய்வாளர் வந்ததும் சித்தப்பா கறந்த பாலில் ஒரு டீ போட்டுக் கொடுங்கள். வாசலில் வைத்து.

மல்லிகை_ஆம்பூர் | செவ்வாய், மதியம் 2.10

இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு வந்தது பதினாறு வயதில், பிளஸ் ஒன் படிக்கும்போது. கன்னத்தில் ஒரு தேமல், கையில் சில. ஒரு தனியார் மருத்துவமனையில் படர்தாமரை என்று சொல்லிப் பதினான்கு மாதம் களிம்பு கொடுத்தார்கள். தொட்டால் தெரிகிறதா என்று ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. ஒரு பஞ்சு. அல்லது பேனா முனை. அதுதான் வேண்டியிருந்தது.

பிறகு சரியான இடத்துக்குப் போய் ஒரு வருஷ மாத்திரை. கதிர், ஒன்று சொல்லிவைக்கிறேன்: சித்தப்பா கறுத்துப் போவார். குளோபசிமின் என்ற மாத்திரை தோலை ஒரு மாதிரி செம்பும் கறுப்புமாக ஆக்கும். எனக்குச் சொந்தக்காரர் கல்யாணங்களில் வந்த ஒரே கேள்வி "ஏன் இப்படிக் கறுத்துட்டே?" நோயைவிட அதற்குத்தான் அழுதேன். முடித்து ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று, போய்விட்டது. யாராவது இதற்காக அவரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கணவரிடம் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னேன். மாமியாரிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. மணி அண்ணன் சொல்வது போல மறைத்தது வேறு, நான் செய்வது வேறு என்று நினைத்துக்கொள்கிறேன். சரியாகத் தெரியவில்லை. 2019 வரை இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டத்திலேயே இடம் இருந்தது, அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு என்னைச் சொல்லுங்கள்.

ஆற்காடு_மணி | செவ்வாய், மாலை 6.30

தங்கச்சி, மனசு கஷ்டப்பட எழுதியிருந்தால் மன்னிக்கவும். வெண்புள்ளி வேறு என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். கிருமி இவ்வளவு சோம்பேறி என்கிறீர்கள், மருந்தும் கொன்றுவிடுகிறது என்கிறீர்கள். சின்ன வயதில் கோயில் வாசலில் பார்த்தவர்களுக்கு விரலே இல்லையே. அதைத் தின்றது யார்?

சைக்கிள்காரர் | செவ்வாய், இரவு 8.45

மணி, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த ஊரே நம் வேலூர்தான்.

விரல் அழுகி விழும் நோய் என்பது இன்று நேற்றுப் பேச்சு இல்லை. நாலடியாரிலேயே இருக்கிறது: முற்பிறவியில் நண்டின் காலை ஒடித்துத் தின்றவனுக்கு விரல் அழுகித் தொழுநோய் வரும் என்று. மருத்துவர்களும் 1940கள் வரை கிருமிதான் சதையைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனவர், மடங்கிப்போன கைகளைப் பார்த்துவிட்டு "இதற்கு ஏன் ஒருவரும் அறுவை சிகிச்சை செய்யவில்லை?" என்று கேட்டார். செய்தாலும் புண் ஆறாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. இவர் செய்தார், ஆறியது. வேலை செய்யும் தசை நாணை எடுத்து மாற்றிக் கட்டி, மடங்கிய விரலை நீட்ட வைத்தார்.

பிறகு காணாமல் போகிற விரல்களின் கணக்கை எடுத்தார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கேட்டுக் கேட்டு. சூடான பாத்திரம், சிகரெட், துருப்பிடித்த ஆணி, மண்வெட்டிப் பிடி. சிலருக்கு மட்டும் ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. காவல் இருந்து பார்த்தால், எலி. வலி இல்லாததால் ஆள் தூக்கத்திலிருந்து எழவே இல்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். காது, மூக்கு, தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு. அதில் போய் உட்கார்ந்தால் உடம்பு அதோடு சண்டை போடும், அந்தச் சண்டையில் நரம்பு நசுங்கும். விரலைத் தின்பது கிருமி இல்லை. வலி இல்லாமல் போனதால் நாமே தேய்த்துத் தீர்த்துவிடுகிறோம். கதிரின் சித்தப்பா குண்டானை இறக்கினாரே, அதுதான் ஆரம்பம்.

காட்பாடியைத் தாண்டி கரிகிரியில் 1955ல் தொடங்கிய மருத்துவமனை இந்தக் கை கால் வேலைக்கென்றே உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சித்தப்பாவுக்கு இன்றைக்கே ஒரு இடுக்கி வாங்கிக் கொடுங்கள், மரப்பிடி போட்டது. ராத்திரி படுக்கும் முன் கையையும் உள்ளங்காலையும் சித்தி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். தினமும் கால் மணி தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய். உள்ளங்காலிலும் உணர்ச்சி குறைந்திருந்தால் எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள்.

தெருமுனை | செவ்வாய், இரவு 9.30

ஐயா, அந்தப் பையன் கண்ணை மூடிச் சிரித்தது மனதை விட்டுப் போகவில்லை. இருந்தாலும் என் வாதத்தை முழுக்க விடமாட்டேன். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து டம்ளரில் வாய் வைத்துக் குடித்த பிறகு "ஒட்டும்" என்று சொன்னீர்கள். டம்ளர் இல்லாமல், சுவரொட்டியில் அந்த வார்த்தை மட்டும் போனால் என்ன ஆகும்?

டாக்டரம்மா | செவ்வாய், இரவு 10.50

நியாயமான கேள்விதான். சுவரொட்டிக்கு என்னிடமும் நல்ல வாசகம் இல்லை.

ஆனால் இன்னொரு வார்த்தையும் இதே கெடுதலைச் செய்தது. 2005 கடைசியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்குத் தேசிய அளவில் வந்ததும், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றப்பட்டது என்று அறிவித்தார்கள். கேட்டவர்கள் காதில் விழுந்தது 'ஒழிந்துவிட்டது'. உலகத்தில் வருஷாவருஷம் கண்டுபிடிக்கும் புது நோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்னும் இந்தியாவில்தான், ஒரு லட்சம் பேர். சைக்கிள்காரர் ஐயா மாதிரி ஆட்களின் தனித்துறை பொது மருத்துவத்தோடு கலந்துவிட்டது. இளைய மருத்துவர்கள் பலர் தொழுநோயைக் கண்ணால் பார்க்காமலே வெளியே வருகிறார்கள். மல்லிகைக்குப் பதினான்கு மாதம் களிம்பு போட்டது அதனால்தான். வராது என்று நினைக்கிற நோயை யாரும் தேடுவதில்லை.

கதிர், குழந்தைக்கு அந்த ஒற்றை வேளை மாத்திரை கிடையாது, இரண்டு வயது நிரம்ப வேண்டும். உடம்பை மட்டும் பார்ப்பார்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி காசத்துக்கு மட்டுமல்ல, இதற்கும் ஓரளவு காப்பு. பெரியவர்களில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காசம் இல்லை என்று உறுதி செய்யாமல் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் மனதில் வையுங்கள்: மாத்திரை நூற்றுக்கு நூறு கவசம் இல்லை. வங்காளதேசத்தில் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள், முதல் இரண்டு வருஷத்தில் புதிதாக வருவது பாதிக்குமேல் குறைந்தது. ஆகவே வருஷம் ஒருமுறை எல்லோரும் உடம்பைக் காட்டுங்கள்.

மட்டுறுத்தர் | புதன், காலை 8.00

பரம்பரை, பாவம், மூலிகைக் கசாயம் என்று வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. கசாயம் விற்பவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

பாலாறு_கதிர் | வியாழன், மதியம் 1.15

ஆய்வாளர் காலையிலேயே வந்துவிட்டார். எல்லோரையும் பார்த்தார், அம்மாவைப் பார்க்க ஒரு நர்ஸம்மாவும் வந்திருந்தார்கள். அத்தைக்குத் தோளில் ஒரு தேமல் இருந்தது, எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், நன்றாகத் தெரிகிறது, அரிப்பும் இருக்கிறது. சாதாரணத் தேமல். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. குழந்தையைத் தவிர எல்லோரும் அவர் முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொண்டோம்.

டீ கொடுத்தோம், ஐயா. வாசலில் நாற்காலி போட்டு. "சித்தப்பா கறந்த பால் சார்" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் புரிந்துகொண்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பால் திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை, இப்போதைக்கு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து சித்தப்பாவுக்கு முழங்கை விண்விண் என்று தெறிக்கிறதாம். பழைய தேமல் இரண்டு சிவந்து தடித்திருக்கிறது. காலையில் டம்ளர் கை நழுவிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போல, நிறுத்திவிடட்டுமா என்கிறார். ஆய்வாளரிடம் சொல்லாமல் மாட்டுக் கொட்டகையில் இருந்துவிட்டார்.

டாக்டரம்மா | வியாழன், மதியம் 1.32

நிறுத்த வேண்டாம். மாத்திரையும் தொடரட்டும், இன்றைக்கே மருத்துவமனைக்கும் போங்கள். திங்கட்கிழமை வரை வைத்திருக்காதீர்கள். செத்த கிருமியோடும் உடம்பு சண்டை போடும், அந்த வீக்கம் நரம்பை அழுத்துகிறது. வீக்கம் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள், வாரக்கணக்கில் எடுக்க வேண்டி வரும். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகப் போன பலம் என்றால் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு, ஆறு மாதம் கடந்தால் கஷ்டம். முழங்கையை மடக்கி ஊன்ற விடாதீர்கள், துண்டைத் தொட்டில் மாதிரி கட்டிக் கையைத் தொங்கவிடுங்கள்.

சைக்கிள்காரர் | வியாழன், மதியம் 1.40

சிகிச்சை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று அதில் இருக்கும்.

பாலாறு_கதிர் | வியாழன், மாலை 3.55

ரயிலில் இருக்கிறோம், காட்பாடிக்கு இன்னும் ஒரு நிறுத்தம். கையை என் மனைவியின் துப்பட்டாவில் கட்டியிருக்கிறார். சாயங்காலப் பால் 13 வீட்டுக்கும் அம்மா ஊற்றுகிறாள்.